குற்றமும் நட்பும் சூழ

(வேப்பேரியில் ஒரு சின்ன அச்சகம். மை வாடை. கையில் கல்யாணப் பத்திரிகையோடு தணிகாசலம் நுழைகிறார்.)

தணிகாசலம்: அண்ணே, இந்த வரியை வாய்விட்டுப் படிங்க.

முருகேசன்: "குற்றமும் நட்பும் சூழ வந்திருந்து..." அடடா! 'சு' வர வேண்டிய இடத்தில் 'கு'. ஒரு எழுத்துதானே சார்?

தணிகாசலம்: ஒரு எழுத்து, 500 பத்திரிகை! சம்பந்தி போன் பண்ணி, "நாங்க குற்றமா, நட்பா?" என்கிறார்.

முருகேசன்: 1631-ல் லண்டனில் அச்சடித்த பைபிளிலேயே 'நாட்' (not) என்ற ஒரு சொல் விட்டுப்போய், "விபசாரம் செய்வாயாக" என்று வந்துவிட்டது சார். நம்முடையது எவ்வளவோ தேவலை.

தணிகாசலம்: அச்சடித்தவரை என்ன பண்ணாங்க?

முருகேசன்: (மெதுவாக) 300 பவுன் அபராதம்.

தணிகாசலம்: பவுனா? இன்றைக்கு விற்கிற விலைக்கா? எடுங்க!

முருகேசன்: அது இங்கிலீஷ் பவுன் சார்... அதை விடுங்க, இது சாதாரண இடமா? 1761-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் பிடுங்கிய அச்சு இயந்திரம் இந்த வேப்பேரிக்குத்தான் வந்தது.

தணிகாசலம்: இன்னும் அதைத்தான் ஓட்டுறீங்களா? பேசாமல் ஓலையிலேயே எழுதியிருக்கலாம். தப்பு ஒரு ஓலையோடு போயிருக்கும்.

முருகேசன்: எங்கே போகும்? பார்த்து எழுதுகிற ஒவ்வொருவரும் புதுசாக ஒரு தப்பு சேர்ப்பார். 1887-ல் சிந்தாமணியை அச்சேற்றுவதற்குள் உ.வே.சா. எத்தனை ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்! அச்சில் 500-லும் ஒரே தப்பு. பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்தால் தீர்ந்தது. ஆமாம், கண்டுபிடித்தது யார்?

தணிகாசலம்: எங்க ஆயா. ரெண்டாங்கிளாஸ். பஸ் போர்டு, சினிமா போஸ்டர், பொட்டலம் கட்டின பேப்பர் என்று எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றது.

முருகேசன்: பார்த்தீங்களா! ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள், ஓலை பொத்துவிடும் என்று. அதைப் பழகினவர்தான் படிக்க முடியும். அச்சு வந்தது, புள்ளியும் வந்தது, ஆயாவும் படிக்கிறார். எல்லாரும் படிக்கக் கற்றுக்கொண்டதால்தான் எங்க தொழிலில் இவ்வளவு தகராறு.

தணிகாசலம்: சரி, புரூப் பார்த்தது எந்த மகராசன்?

முருகேசன்: நீங்கதான். வாட்ஸப்பில் கட்டைவிரல் போட்டீங்களே.

(ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது.)

தணிகாசலம்: ...அந்தத் துண்டுச் சீட்டுக்கு எவ்வளவு ஆகும்?

முருகேசன்: உங்களுக்கு இனாம். புரூப் மட்டும் ஆயாவுக்கு அனுப்பிடறேன்.