சென்னைக்குப் போனவளும் வெளிநாட்டில் படித்தவள்தான்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். முடியவில்லை. காணொளியைப் பார்த்திருப்பீர்கள், இங்கே திரும்பப் போட மாட்டேன். கேட்டவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, பின்னூட்டத்தில் நீங்களும் சொல்லாதீர்கள். இங்கே சிங்கப்பூரில் நம் தமிழர் கூட்டம் ஒன்றில், ஐந்து மாதம் சென்னையில் தங்கிப் படித்துவிட்டு வந்த நம் பிள்ளை ஒருத்தி, படம் போட்டு, தட்டுத்தடுமாறினாலும் தமிழிலேயே அந்த அனுபவத்தைப் பேசிக்கொண்டிருக்கிறாள். பாதியில் பெரிய மனிதர் ஒருவர் மைக்கை வாங்கி, "ஏம்மா, லண்டன் மெல்பர்ன் எதுவும் கிடைக்கலையா?" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. கேட்டவர் ஒருவர்தான், சிரித்தவர்கள் எத்தனை பேர்! மூன்றாவது வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு இடம் கிடைக்காமல் அவள் சென்னைக்குப் போகவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் படிப்பது சுற்றுச்சூழல் பொறியியல், அதிலும் தண்ணீர். 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் சென்னை. நாலே வருடத்தில், 2019 கோடையில், குடிநீர் தரும் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊரும் அதுதான். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எவ்வளவு போய்விட்டது, மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் யார்? மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று குடிப்பவர்கள். தண்ணீரைப் படிக்கிற சிங்கப்பூர்ப் பிள்ளை சென்னைக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்? இதைத்தான் அவள் சொல்ல வந்தாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

இது அவள் தனியாக எடுத்த முடிவும் இல்லை, அரசாங்கமே போகச் சொல்கிறது. சில வருடங்களுக்கு முன் கல்வி அமைச்சு ஓர் இலக்கு வைத்தது. உயர்கல்வி மாணவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வெளிநாட்டு அனுபவம் கிடைக்க வேண்டும், அவர்களிலும் 70 விழுக்காட்டினர் ஆசியான் நாடுகள், சீனா, இந்தியா ஆகிய இடங்களுக்குப் போயிருக்க வேண்டும். இந்தியா என்று பெயர் சொல்லித்தான் வைத்தார்கள். சீனப் பிள்ளைகள் ஷாங்காய் போய் வந்தால் அவர்கள் வீட்டில் இப்படிக் கேட்பார்களா? நம் வீட்டில்தான் கேட்கிறோம்.

"பெயர் பெற்ற பல்கலைக்கழகமாக இருக்க வேண்டாமா?" என்று இப்போதே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். சரி, பெயரைப் பற்றியே பேசுவோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் மாணவர்களையும் சிங்கப்பூருக்கு ஈர்க்க 2002இல் குளோபல் ஸ்கூல்ஹவுஸ் திட்டம் வந்தது. 2015க்குள் 150,000 வெளிநாட்டு மாணவர்கள் என்றார்கள். பெரிய பெரிய பெயர்களை அழைத்து வந்தோம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் இங்கே வளாகம் திறந்து, அதே வருடம் ஜூனில் மூடியது. போதுமான மாணவர்கள் சேரவில்லை. அமெரிக்காவின் யேலும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய யேல்-என்யூஎஸ் கல்லூரியில் 2013இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள், 2021இல் மூடப்போவதாக அறிவிப்பு, 2025இல் கடைசி மாணவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். அங்கே படித்தவர்கள் கற்றது பொய் என்று சொல்லவில்லை, நன்றாகத்தான் கற்றார்கள். பெயரை நம்பிப் பிள்ளையை மட்டம் தட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். இன்னொன்று. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025இல் டெல்லிக்குப் பக்கத்துக் குருகிராமில் வளாகம் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கினும் வொல்லொங்கொங்கும் அதற்கு முன்பே குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்குப் போய்விட்டன. சென்னையின் ஐஐடி மெட்ராஸோ 2023இல் ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் சான்சிபாரிலேயே வளாகம் திறந்தது. லண்டன், மெல்பர்ன் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்த ஊர்க்காரர்களே இந்தியாவைத் தேடிப் போகிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் தங்கை போனில் கேட்டாள். காரணம் இருக்கிறது. டிப்ளோமாவோடு வேலைக்குப் போனவள் நான். அப்புறம் ஐந்து வருடம் இரவு வகுப்புக்குப் போய், இங்கிருந்தபடியே ஒரு பிரிட்டிஷ் பட்டம் எழுதினேன். ஆபீஸ் முடிந்து, காப்பிக்கடையில் நின்றபடியே ஒரு ரொட்டி பரோட்டா, பஸ், வகுப்பு, பத்தரை மணிக்கு வீடு. பட்டம் வாங்கிய பிறகு ஒரு நேர்காணலில், "ஓ, அங்கே போய்ப் படிக்கலையா, இங்கேயேதானா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த முகம்தான் சனிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு இருந்தது. போகாதவளைப் பார்த்து ஏன் போகவில்லை என்கிறீர்கள். போனவளைப் பார்த்து ஏன் அங்கே போனாய் என்கிறீர்கள். பிள்ளைகள் என்னதான் செய்வது?

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது அப்பாவும் கொடுத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. பல்கலைக்கழகம் அப்போது இங்கே இருந்தது. அப்படி உருவான இந்திய ஆய்வியல் துறை பிறகு கோலாலம்பூருக்குப் போய்விட்டது. அங்கே துறைத்தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியில்தான் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. "நம்ம காசு ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டிப் போயிருச்சே" என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. எங்கே இருந்தாலும் பிள்ளைகள் படிக்கட்டும் என்பார். மூட்டை தூக்கியவருக்கு இருந்த மனசு, பிள்ளைகளை சிட்னிக்கு அனுப்பிய நமக்கு ஏன் இல்லாமல் போனது?

காணொளியின் கீழே பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நியாயமான கேள்வி, எனக்கும் மகள் இருக்கிறாள். அவளை அனுப்பினாலும் விடுதி, போக்குவரத்து, அவசரத்துக்கு யார் என்று பத்துத் தடவை விசாரிப்பேன். லண்டனுக்கு அனுப்பினாலும் விசாரிப்பேன். அங்கேயே பல்கலைக்கழகங்களின் உலகத் தரவரிசைப் பட்டியலை ஒட்டியவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. "அங்கிருந்துதானே எல்லாரும் இங்கே வேலைக்கு வருகிறார்கள், அங்கே போய் என்ன கற்பது?" என்று எழுதிய அண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அண்ணே, உங்கள் மூட்டுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எங்கே படித்தவர் என்று நீங்களே இங்கே எழுதியிருந்தீர்கள். உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்றும் போன பொங்கலுக்குப் பெருமையாகப் போட்டிருந்தீர்கள். இந்தியாவிலிருந்து வந்தவரைக் குறிக்கும் 'ஊர்க்காரர்' என்ற சொல்லை நாம் எப்போதிலிருந்து இப்படி மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தோம்? வந்து வேலை பார்க்கிற பையனையும் மதிக்க மாட்டோம், போய்ப் படிக்கிற நம் பிள்ளையையும் மதிக்க மாட்டோம். படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன். ஆனால் வலி இங்கேதான் இருக்கிறது.

நேற்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். அடுத்த செமஸ்டரில் அதே கல்லூரியோடு சேர்ந்து செய்ய நினைத்த ஆய்வை விட்டுவிடலாமா என்று கேட்கிறாளாம். இரண்டு நிமிடப் பேச்சு, ஒரு சிரிப்பு, இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

அவள் காட்டாமல் விட்ட படங்கள் இன்னும் ஏழு இருக்கின்றனவாம். வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் காட்டச் சொல்லியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். வந்தால் மைக் கிடையாது, நாற்காலி போடுகிறேன், தேநீர் தருகிறேன். சனிக்கிழமை சிரித்தவர்களும் வரலாம், கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வாருங்கள். ஏரியைப் பற்றிக் கேளுங்கள்.