தலையில் ஒன்றும் இல்லை சார்

மேலாளர்: தம்பி, நீ விற்ற பிரிண்டருக்கு ரத்தசோகை. எழுத்தெல்லாம் வெளிறி வருகிறது.

மெக்கானிக்: என்ன செய்து பார்த்தீர்கள் சார்?

மேலாளர்: ஹெட் கிளீனிங் கொடுத்தேன்.

மெக்கானிக்: எத்தனை தடவை?

மேலாளர்: எட்டு.

மெக்கானிக்: நடுவில் ஒரு நாசில் செக்காவது எடுத்தீர்களா?

மேலாளர்: அது எதற்கு? ஒரு தாள் வீண்.

மெக்கானிக்: நாசில் என்றால் பிரிண்டர் தலையில் மை வரும் துளை. அந்தத் தாளில் கோடு விட்டுவிட்டு வந்தால்தான் அதில் அடைப்பு. இதோ, இப்போது எடுத்தேன். நாலு கலரிலும் ஒரு கோடுகூட அறுபடவில்லை. தலையில் ஒன்றும் இல்லை சார்.

மேலாளர்: யார் தலையில்?

மெக்கானிக்: பிரிண்டர் தலையில்.

மேலாளர்: அப்புறம் ஏன் இங்க் பாதிக்குக் கீழே போய்விட்டது? நேற்றுதான் புது கார்ட்ரிட்ஜ் போட்டேன். அடித்ததே இருபது பக்கம். ஆவியாகிவிட்டதா?

மெக்கானிக்: அடியில் வேஸ்ட் இங்க் பேடு என்று ஒரு பஞ்சு இருக்கிறது. கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் நாசில் வழியாக இங்க்கை உறிஞ்சி அதில்தான் விடும். எட்டு வேளை ஊட்டியிருக்கிறீர்கள்.

மேலாளர்: பஞ்சைப் பிழிந்து திரும்ப ஊற்றினால்?

மெக்கானிக்: குளித்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றுவீர்களா சார்?

மேலாளர்: செடிக்கு ஊற்றுவேன்.

மெக்கானிக்: அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று கணக்கு காட்டினால் பிரிண்டர் ஒரேயடியாக நின்றுவிடும். அப்போது செடி, கொடி எதுவும் உதவாது. சரி, செட்டிங்கைத் திறக்கிறேன்... டிராஃப்ட் மோடை யார் வைத்தது?

மேலாளர்: நான்தான். இங்க் மிச்சமாகும் என்று.

மெக்கானிக்: வெளிறுவது அதனால்தான். மை குறைத்துப் போடு என்றீர்கள், குறைத்துப் போட்டது.

மேலாளர்: மிச்சப்படுத்து என்றுதான் சொன்னேன். வெளிறச் சொல்லவில்லையே?

மெக்கானிக்: (நார்மலுக்கு மாற்றி ஒரு தாள் அடிக்கிறார்) பாருங்கள்.

மேலாளர்: எழுத்து கறுப்பாகிவிட்டது. ஆனால் மேலே பட்டையாக வரும் லோகோ மட்டும் கட்டம் கட்டமாக இருக்கிறதே. ஹெட் கிளீனிங் கொடுப்போமா?

மெக்கானிக்: லோகோவை எங்கிருந்து எடுத்தீர்கள்?

மேலாளர்: வாட்ஸ்அப்பில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.

மெக்கானிக்: 240 பிக்சல் அகலப் படத்தை எட்டு அங்குலத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். அங்குலத்துக்கு 30 விழுகிறது. தெளிவாக வர 300 வேண்டும்.

மேலாளர்: மீதியை பிரிண்டர் போட்டுக்கொள்ளாதா?

மெக்கானிக்: இல்லாததை எங்கிருந்து போடும்?

மேலாளர்: ஒரே ஒரு ஹெட் கிளீனிங்...

மெக்கானிக்: கையை எடுங்கள் சார்! ஆமாம், டைப் செய்யும் அந்தப் பெண் முதல் நாளே செட்டிங்கைப் பார்க்கச் சொன்னாராமே?

மேலாளர்: சொன்னாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

மெக்கானிக்: அவர் சொன்னதையேதான் நானும் சொன்னேன். எனக்குக் காசு தருவீர்கள். அவருக்கு என்ன தந்தீர்கள்?

மேலாளர்: ...நாசில் செக் எடுக்கத் தாள் தரவில்லை.

மெக்கானிக்: பில்லை இந்த பிரிண்டரிலேயே அடிக்கட்டுமா?

மேலாளர்: அடி. டிராஃப்டில் அடி.