காக்கை வயிறும் ஆலம் விதையும்

ஆல், அரச விதைகள் காக்கையின் வயிற்றுக்குள் போய் வந்தால் மட்டுமே முளைக்கும், அதனால்தான் முன்னோர் காக்கைக்குச் சோறு வைத்தார்கள் என்று பலரும் சொல்வது பாதி உண்மைதான். பழுத்த ஆலம்பழத்தைப் பிதுக்கி, கடுகினும் சிறிய அந்த விதைகளைச் சதை போகக் கழுவி, ஈரமான செங்கல் தூளின் மேல் மண் மூடாமல் வெளிச்சத்தில் தூவி வைத்தால், எந்தப் பறவையின் உதவியும் இல்லாமலே முளைவிடும். குடலில் சதை நீங்குவதால் முளைப்பு எளிதாகலாம்; ஆனால் பறவை செய்யும் பெரிய வேலை, தாய்மரத்தின் நிழலைத் தாண்டி விதையைச் சுமந்து செல்வதே. பனையின் மட்டை இடுக்கிலும் கோபுரத்தின் விரிசலிலும் ஆலங்கன்று தொற்றி நிற்பது அப்படித்தான். அந்த வேலையையும் காக்கை தனியாகச் செய்யவில்லை: குயில், மைனா, கொண்டைக்குருவி, குக்குறுவான், பழந்தின்னி வௌவால் என்று பெரிய கூட்டமே இருக்கிறது. பழம் தின்னும் பறவைகள் எல்லாமே விதை பரப்புவதும் இல்லை. பச்சைப்புறாவின் அரைப்பை (இரையை அரைக்கும் வயிற்றுப் பகுதி) பெரும்பாலான அத்தி விதைகளை நொறுக்கிவிடுகிறது. காக்கைக்குச் சோறு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதற்கு இந்தக் காரணம் தேவையுமில்லை.