தசடாய் மக்களைப் போலி என்பது அநியாயம்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ காட்டில் 1971இல் 'கற்காலக் குகை மனிதர்கள்' என்று உலகுக்குக் காட்டப்பட்ட தசடாய் மக்களை, அவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை ஒரே வரியில் 'கூலிக்கு நடித்த போலிப் பழங்குடி' என்று முடித்துவிட்டது. கற்பனையாகச் சேர்க்கப்பட்டது அவர்களுடைய வாழ்க்கைமுறையில் ஒரு பகுதிதான், அந்த மனிதர்கள் கற்பனை இல்லை. அதிபர் மார்கோஸ் ஆட்சியில் சிறுபான்மைப் பழங்குடிகள் விவகாரத்தைப் பார்த்துவந்த மானுவல் எலிசால்டே இருபத்தாறு பேரைப் பத்திரிகைகள் முன் நிறுத்தினார், இலை உடை, கல் கருவி, குகைக் குடும்பம் என்று எல்லாம் படமாகி உலகம் முழுக்கப் போனது. 1986இல் மார்கோஸ் வீழ்ந்த பிறகு சுவிஸ் பத்திரிகையாளர் ஆஸ்வால்ட் இட்டன் போய்ப் பார்த்தால் குகை காலி, அவர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வீடுகளில் இருக்கிறார்கள், எலிசால்டே சொல்லித்தான் அப்படி இருந்தோம் என்றும் சிலர் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குகை என்றால் சாப்பிட்ட கழிவு குவிந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. சரி, 'கற்காலம்' என்ற கதை நிற்காது.

ஆனால் மொழியியலாளர் லாரன்ஸ் ரீட் அவர்கள் பேச்சை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். அது மிண்டனாவோவில் பேசப்படும் மனோபோ மொழியின் தனி வட்டார வழக்கு, சில தலைமுறைகளாவது இவர்கள் ஒதுங்கி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஒரு பேச்சுவழக்கையே யாரும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்க முடியாது! முதலில் அதிசயப் பிராணிகள் போலக் காட்டினார்கள், அப்புறம் மோசடிக்காரர்கள் என்றார்கள், இரண்டுமே வெளியாள் ஒட்டிய முத்திரை. ரீடின் ஆய்வையும் கட்டுரையில் தயவுசெய்து சேருங்கள்.