சில்லி பாயின்ட்டில் நிற்பவர் பாக்கியசாலியா?

'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல் 'மடத்தனமான' என்ற பொருளில் தொடங்கி 'இனிமையான' என்று ஏறிவந்த கதையை உங்கள் கட்டுரையில் ரசித்துப் படித்தேன். அதே படிக்கட்டில் எதிர்த் திசையில் உருண்டு விழுந்த, இன்று 'அசட்டுத்தனமான' என்று பொருள் தரும் 'சில்லி'யையும் (silly) கூடவே சேர்த்திருக்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல்லுக்குப் பாக்கியம் பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். ஜெர்மன் மொழியில் இருக்கும் அதன் உடன்பிறப்பு 'ஸேலிக்' இன்றும் அந்தப் பொருளை விடவில்லை. ஆங்கிலத்தில்தான் சறுக்கல். அருள் பெற்றவர் கள்ளமற்றவர் ஆனார், கள்ளமற்றவர் பரிதாபத்துக்குரியவர் ஆனார், அப்புறம் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அசடாகவே ஆகிவிட்டார். பழைய கவிதைகளில் ஆட்டுக்குட்டியை 'சில்லி' என்றால் திட்டு இல்லை. 'பாவம், வாயில்லா ஜீவன்' என்ற இரக்கம். நாம் "அவர் ரொம்ப அப்பாவி" என்று இழுத்துச் சொல்வதைக் கவனித்தால் இந்தச் சறுக்கல் எப்படி நடக்கும் என்று புரியும்.

கிரிக்கெட்டில் ஃபீல்டர் நிற்கும் சில இடங்களை சில்லி பாயின்ட், சில்லி மிட் ஆன் என்கிறார்களே, மட்டைக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நிற்பது அசட்டுத் துணிச்சல் என்பதால்தான்! ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அங்கே குனிந்து நிற்பவரை யாரும் பாக்கியசாலி என்று நினைக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன மறுப்பு. 'நைஸ்' தன் பழைய பொருள்களை எல்லாம் தொலைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இன்றும் நுட்பமான வேறுபாடுதான், இனிமையான வேறுபாடு இல்லை.