மாத்திரையை விட்டுவிட்டால் குடிக்கலாமா?

குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வைகாசி பிறந்து கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். கேட்க வந்தவர் பக்கத்தில் நிற்பவர் போகும்வரை பேஸ்ட் விலை, சோப்பு விலை விசாரித்துக்கொண்டிருப்பார். அப்புறம் குரலை இறக்கி, "அண்ணா, இன்னிக்கு பசங்களோட கொஞ்சம் சாப்புடுற மாதிரி இருக்குது. ராத்திரி போடற மாத்திரைய வுட்டுட்டு நாளைக்குப் போட்டுக்கினா இன்னா ஆயிடும்?" என்பார்.

அவர் சொல்வது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை. ஊர்வழக்கில் நரம்பு மாத்திரை.

மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தப்புக் கணக்கு. எஸ்சிட்டலோபிராம் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதே வகை மாத்திரையான ஃபுளுவாக்சிட்டின் வாரக்கணக்கில் தங்கும். ஒரு ராத்திரி விட்டாலும் சாராயம் உள்ளே போகும்போது மருந்தும் உள்ளேதான் இருக்கிறது. இதில் வாராவாரம் விட்டு விட்டுப் போட்டால் மருந்தும் ஒழுங்காகப் பிடிக்காது. வென்லாஃபாக்சின் போன்ற சில மருந்துகளில் ஓரிரு வேளை தவறினாலே தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஓர் உணர்வு எல்லாம் வரும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதே சீட்டில் பல நேரம் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் குளோனாசெபமும் இருக்கும். எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது. குளோனாசெபமும் சாராயமும் இரண்டுமே மூளையை மந்தமாக்குபவை. சேர்ந்தால் மூச்சே தடுமாறலாம். அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின் போடுகிறவர்களுக்கும் குடித்தால் மயக்கம் கூடும். அந்த நிலையில் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று. இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சாராயமோ தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் மனதை இன்னும் கீழே தள்ளும். ஒரு மாதம் கழித்து ஆள் வந்து, "மாத்திரை கேக்கவே இல்லண்ணா" என்பார். டாக்டர் டோசை ஏற்றுவார். குடித்த கதை அவருக்குத் தெரியாது.

ஏன் தெரியாது? பக்கத்து நாற்காலியில் மனைவியோ அம்மாவோ உட்கார்ந்திருக்க, "பழக்கம் ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்பதைத் தவிர அந்த மனிதன் என்ன சொல்லுவான்? குடும்பம் கூட வருவதை நான் குறை சொல்லவில்லை. 1957இல் தொடங்கிய பாகாயம் மனநல மையம் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்து வைத்தியம் பார்த்துப் பெயர் வாங்கியது நம் வேலூரில்தான். ஆனாலும் டாக்டர்கள் கூட வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நண்பர்களிடம் இருக்கிறது. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் என்றால் ஒருத்தனும் கிளாசை நீட்ட மாட்டான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் "சாமி" என்று தள்ளி நிற்பான். மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் "ஒரு கட்டிங்ல இன்னாடா ஆயிடும்" என்று தோளில் கை போடுவான். அவனுக்குப் பயந்து நரம்பு மாத்திரையைக் காமாலை மாத்திரை என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் உண்டு. அந்தப் பொய்யை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, தினமும் குடிக்கிறவர்களுக்கு. இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரை போகும். டாக்டரிடம் அளவைச் சொல்லி, அவர் கண்காணிப்பில் நிறுத்துங்கள். மாத்திரையையும் அப்படித்தான், நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.