42% மாணவர்களுக்கு மனநோயா? இல்லை

"துப்பாக்கிச்சூடு ஒத்திகையால் அமெரிக்க மாணவர்களில் 42% பேருக்கு மனநோய்; ஒத்திகைகளுக்குத் தடை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பள்ளிக்குள் துப்பாக்கியுடன் யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று மாணவர்களுக்குத் தரும் பயிற்சிதான் இந்த ஒத்திகை. இரண்டு பகுதிகளும் தவறு.

அந்த 42 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எவ்ரிடவுன் என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்புடன் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு அது. 114 பள்ளிகளைச் சார்ந்த சமூக ஊடகப் பதிவுகளை, ஒத்திகைக்கு முந்தைய 90 நாட்களிலும் பிந்தைய 90 நாட்களிலும் ஒப்பிட்டார்கள். மன அழுத்தமும் பதற்றமும் வெளிப்படும் பதிவுகள் 42% கூடியிருந்தன. கூடியது பதிவுகள், நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. எழுதியவர்களில் பெற்றோர், ஆசிரியர்களும் உண்டு. எந்த மாணவரையும் மருத்துவர் பரிசோதிக்கவில்லை. அதற்காகக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வு காட்டும் பாதிப்பு பொருட்படுத்தத்தக்கதுதான்.

தடையும் இல்லை. நியூயார்க் மாநிலம் 2024இல் விதிகளைத் திருத்தி, தாக்குதல் நடப்பது போல நடிப்பவர்களையும் போலித் தாக்குதல் காட்சிகளையும் போன்றவற்றை மட்டுமே ஒத்திகைகளிலிருந்து விலக்கியது. பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், ஒத்திகை என்று மாணவரிடம் சொல்ல வேண்டும். கதவைப் பூட்டி அமைதியாக இருக்கும் பயிற்சி தொடர்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் 2020 அறிக்கையில் மாணவரை ஏமாற்றும் ஒத்திகைகளையும் உண்மைத் தாக்குதல் போல நடத்தும் ஒத்திகைகளையுமே எதிர்த்தது.

ஆய்வை இணையத்திலும், விதிகளை நியூயார்க் மாநிலக் கல்வித்துறைத் தளத்திலும் படிக்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.